மல்லாந்து கிடந்த ஆமை

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியே எவுராமாவுக்குப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. கேப் கோஸ்ட் நகருக்குக் கிழக்கே, கடலைப் பார்த்த சின்னப் பள்ளிக்கூடம். கல்வி அதிகாரி வருகிறார், கரையில் கிடப்பதை வைத்துப் பிள்ளைகள் ஏதாவது சிற்பம் செய்யட்டும் என்று தலைமையாசிரியர் சொன்னபோது, ஆளுக்கொரு மீன் போதும் என்றுதான் அவள் நினைத்தாள். பிள்ளைகளோ, ஏறி உட்காரும் அளவுக்கு ஓர் ஆமை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இரண்டு வாரம் அவள் உயிரை வாங்கினார்கள். கரை ஒதுங்கிய செருப்புகளில் கால், தேங்காய் மட்டையில் வயிறு, கிழிந்த வலையில் கழுத்து. கண்ணுக்குச் சோடா மூடியா, சிப்பியா என்று அடிதடி. ஓலையில் வைத்த வாலை ஆடு தின்றது. விலாவுக்கு நட்ட குச்சிகளை, மீனுக்குப் புகை போடும் பெண்கள் அடுப்புக்கு உருவிக்கொண்டு போனார்கள். கடைசியில் முதுகுக்கு அகலமான பலகை ஒன்று மணலில் கிடைத்தது. அதன் பிறகுதான் ஆமை ஆமையாகத் தெரிந்தது.

புதன்கிழமை காலை மீனவர் ஏபோ வந்து நின்றார்.

"டீச்சரம்மா, இது என் படகுல நான் உக்கார்ற பலகை. நாலு நாளா எண்ணெய் டின் மேல உக்காந்து இடுப்பே போச்சு."

"அண்ணே, நாளைக்கு அதிகாரி வர்றாரு. ஒரே ஒரு நாள் விடுங்களேன்!"

"செவ்வாய்க்கிழமைன்னா வச்சுக்கோங்க. அன்னிக்கு யாரும் கடலுக்குப் போறதில்ல."

பலகை போயிற்று. எவுராமா கையை உதறினாள். "எனக்கும் இந்த ஆமைக்கும் இனிமே சம்பந்தமே இல்ல. என்னவோ பண்ணித் தொலைங்க!"

பிள்ளைகள் கூடிக் கூடிக் கிசுகிசுத்தார்கள். பிறகு பத்துப் பேராகச் சேர்ந்து ஆமையை மல்லாக்கப் போட்டுவிட்டார்கள். முதுகு இல்லாதது இப்போது யார் கண்ணுக்கும் தெரியாது.

வியாழக்கிழமை, இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டையில் அதிகாரி வந்தார். "இது ஏன் மல்லாந்து கிடக்குது?"

இரண்டு பருவமாக எவுராமா கெஞ்சியும் வகுப்பில் வாய் திறக்காத எக்குவா முன்னால் வந்தாள்.

"பிடிச்சவங்க இப்படிப் போட்டுட்டுப் போயிட்டாங்க, ஐயா. அதால தானா எந்திரிக்க முடியாது. நீங்க திருப்பி விடுறீங்களா?"

"ஐயா, வேணாம், தொடாதீங்க!" என்று எவுராமா பாய்வதற்குள் அவர் குனிந்து தூக்கிவிட்டார். ஆமையின் வயிறும் காலும் அவர் காலடியில் கொட்டின.

"மெதுவா தூக்கத் தெரியாதா?" என்று அவரை அதட்டினான் மாணவன் ஃபீஃபி. எவுராமாவுக்கு மானம் போயிற்று.

அதிகாரியோ மணலில் மண்டி போட்டார். "சரி, தப்புதான். இந்தக் கால் எங்க வரும், சொல்லு."

"அங்க இல்ல, இங்க!" என்று எக்குவா அவரை விரட்டி வேலை வாங்கினாள். மணி அடித்தும் ஒருவரும் வகுப்புக்கு வரவில்லை. எவுராமா படியில் உட்கார்ந்து, ஆறிப்போன கெங்கே சோள உருண்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். கோபமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணின் குரல் இவ்வளவு கணீரென்று இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே வந்தார். "அதிகாரிக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அடுத்த பருவத்துல ஆறு வகுப்புக்கும் இதை நீங்களே பாத்துக்கணுமாம்."

"என்னைக் கொன்னே போட்டுடுங்க சார்," என்றாள் எவுராமா. ஜன்னலுக்கு வெளியே, அவளுடைய பிள்ளைகள் ஒரு திமிங்கிலத்துக்கு மணலில் அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.