அண்டாவின் இன்னொரு பிடி

மே பதினான்காம் தேதி, பகல் பன்னிரண்டு பத்து, அனல்காற்று. ஸ்ரீரங்கத்தில் நான் நடத்திவந்த இலவச மதிய உணவுக்கூடத்தில் முப்பத்தெட்டு முதியவர்கள் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சமையல்காரர் வெக்கையில் மயங்கி விழ, உதவியாளர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார். அடுப்பில் சோறு வெந்துவிட்டது. கஞ்சி வடிக்க அண்டாவை இரண்டு பேர் தூக்க வேண்டும். பந்தியிலிருந்த யாருக்கும் அதைத் தூக்கத் தெம்பில்லை; எழுபத்து நான்கு வயதில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

மூலையில் ஆய்வு மாணவி நின்றிருந்தாள். தொண்டு நிறுவனங்கள் எப்படி இயங்குகின்றன என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்பவள். அவளுடைய மதிப்பீட்டு அறிக்கை வந்தால்தான் பணம் தருவதாக ஒரு நன்கொடையாளர் சொல்லியிருந்தார். அது வராவிட்டால் கூடத்தை மூட வேண்டியதுதான்.

“ஒரு கை பிடிம்மா.”

“வேலையில கை வச்சா என் அறிக்கையை ஏத்துக்க மாட்டாங்க சார். தள்ளி நின்னு பார்க்கத்தான் அனுமதி. நீங்களே சொல்லுங்க, பிடிக்கட்டுமா?”

உறையூரிலிருந்து தினமும் வரும் செல்லம்மாள் பந்தியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ஐயா, கணக்கெல்லாம் அப்புறம் போடுங்க. சோறு குழையுது!”

நாளைய சோறா, இன்றைய சோறா?

“பிடிம்மா” என்றேன்.

அவள் பேனாவை வைத்துவிட்டு, துப்பட்டாவைச் சுற்றிப் பிடியைப் பற்றினாள்.

நடந்ததை மறைக்காமல் பேராசிரியரிடம் சொல்லிவிட்டதாக மாலையில் போனில் அழுதாள். மறைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இன்றும் சில நாள் நினைக்கிறேன், உடனே வெட்கப்படுகிறேன். அறிக்கையை ஏற்கவில்லை, நன்கொடையும் வரவில்லை; ஆகஸ்டில் கூடத்தை மூடினேன். இலை முன்னால் இருந்தவர்களிடம் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று இப்போதும் தெரியவில்லை.

அந்த ஒரு வேளைச் சோற்றுக்கு நான் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்.