கொடியில் காயும் கருந்தேள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸை விட்டு இறங்கிய வானமாமலையின் கையில் கருந்தேள் ஒரு நோட்டீஸைத் திணித்தது. புதிதாகத் திறந்த பல் டாக்டர் ஒருவரின் விளம்பரம். கறுப்பு முகமூடி, நெற்றியில் சிவப்பு நூலில் தைத்த தேள், இடுப்பில் சிவப்புத் துண்டு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியில்லாதது ஒன்றுதான். கருந்தேள் என்பவரே வானமாமலைதான்.

"யாருப்பா நீ?"

"கருந்தேள்."

"அது தெரியுது. உள்ள யாரு?"

"உள்ளயும் கருந்தேள்தான் அங்கிள். கொஞ்சம் நகருங்க, பின்னாடி ஆள் வராங்க."

உள்ளே இருந்தவன் ஒல்லி. வயிற்றில் தலையணை கட்டியிருந்தான். அவன் மூச்சு வாங்கியபோது வயிறு மட்டும் சும்மா இருந்தது. தன் தொப்பைக்கு இத்தனை பெரிய தலையணை வேண்டும் என்று எவனோ உட்கார்ந்து யோசித்திருக்கிறான் என்பதுதான் வானமாமலைக்கு முதலில் சுட்டது. நோட்டீஸைக் கிழித்தெறிய நினைத்தார். மல்யுத்த ரிங்கில் ஏற்கெனவே இரண்டு பல் போயிருந்ததால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவருக்கு நாற்காலி வேலை. விரிப்பது, வரிசை போடுவது, மாப்பிள்ளை வீட்டார் சண்டை ஓய்ந்ததும் மடக்கி அடுக்குவது. வருஷம் முழுக்க இரும்பு நாற்காலி தூக்கிவிட்டு, வருஷத்தில் ஒருநாள் அதே நாற்காலியால் முதுகில் அடி வாங்குகிற மனிதர் பம்பாயில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். நாற்காலிகளுக்கு அவர்மேல் என்னமோ பழைய பகை என்று மனைவி சண்முகவடிவு சொல்வாள். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம், இருப்பது தாராவி. வயது ஐம்பதை நெருங்குகிறது. வலது முட்டி எப்போதோ அறுபதைத் தாண்டிவிட்டது.

கருந்தேளைப் பெற்றுப் போட்டவர் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த ஆபிரகாம். அப்போது கேபிள் டிவி தாராவிக்கு வந்த புதிது. வெளிநாட்டு ரெஸ்லிங் வாரத்தில் ஒரு மணி நேரம் வரும், அதிலும் பாதி விளம்பரம். அதில் ஒரு மல்லன் மாதத்துக்கு ஒருமுறைதான் முகம் காட்டுவான். தாராவித் தமிழர்கள் அவனுக்கு அமாவாசை என்று பெயர் வைத்தார்கள். விளக்கெல்லாம் அணையும், அமாவாசை மெதுவாக நடந்து வருவான், ரிங்குக்கு வந்து சேர்வதற்குள் கேபிள் போய்விடும். அவன் ஜெயித்தானா தோற்றானா என்று அடுத்த மாதம்வரை டீக்கடையில் கைகலப்பு நடக்கும். அவனுக்குப் பெண்டாட்டி உண்டா, பசிக்குமா, சளி பிடிக்குமா, ஒருவருக்கும் தெரியாது. அவன் ரத்தமே கறுப்பு என்று பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேருக்கு அவனுக்கு ரத்தமே கிடையாது.

இன்றைக்கு அதே டீக்கடையில் இன்னொரு மல்லனுக்குத் தினசரி காலண்டர் என்று பெயர். காலையில் பல் தேய்ப்பதைப் போனில் காட்டுவான். பிறகு தண்டால், பிறகு நாய், பிறகு நாயின் பிறந்தநாள். மனைவியோடு சண்டை, சமாதானம், மன்னிப்பு, அந்த மன்னிப்பு சரியில்லை என்று இன்னொரு மன்னிப்பு. நியாயமாகச் சொன்னால் காலண்டர்தான் நல்ல சண்டைக்காரன். அமாவாசைக்குத் தெரிந்தது மொத்தம் மூன்று அடி, அதில் ஒன்று முறைப்பு. ஆனால் காலண்டர் கூரையிலிருந்து குதித்தாலும் டீயை ஆற்றுகிறவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. காலையில்தான் பல் தேய்த்ததைப் பார்த்தாயிற்றே.

ஆபிரகாமின் கருந்தேள் அமாவாசை வகை. தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில், பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு சாயங்காலம் மட்டும் வருவார். அடிப்பார், அடி வாங்குவார், போய்விடுவார். அடுத்த பொங்கல்வரை ஆளே கிடையாது. "பிச்சூ! பிச்சூ!" என்று, தேளுக்கு அவர்கள் பேச்சில் அதுதான் பெயர், இந்திக்காரர்களும் சேர்ந்து கத்துகிற சத்தம் ரயில்வே லைனைத் தாண்டிக் கேட்கும். ஆபிரகாமுக்கு என்ன மூளை என்று சனம் வியந்தது. மூளையெல்லாம் இல்லை. ரிங் போடும் பலகைகள் அம்பர்நாத்தில் ஒரு ஃபாக்டரியில் இருந்தன. அங்கே வேலை பார்த்த மச்சினன் அவற்றை வருஷத்துக்கு ஒருமுறைதான் வெளியே கொண்டுவர முடிந்தது. பலகை கிடைத்திருந்தால் ஆபிரகாம் வாராவாரம் நடத்தியிருப்பார்.

உள்ளே இருப்பது யார் என்று சந்து முழுவதற்கும் தெரியும் என்பதுதான் இதில் வேடிக்கை. மறுநாள் காலை சண்முகவடிவு அந்த முகமூடியைத் துவைத்துச் சந்தின் குறுக்கே கட்டிய கொடியில் காயப்போடுவாள். இந்தப் பக்கம் பாவாடை, அந்தப் பக்கம் லுங்கி, நடுவில் சொட்டச் சொட்டக் கருந்தேள். எதிர்வீட்டு அம்மார் பாய், தோல் பட்டறைக்குப் போகிறவர், அதன் கீழே குனிந்து போவார். போகிறபோதே, "நேத்து பிச்சூ என்னமா அடிச்சான் அண்ணாச்சி! எந்த ஊர்க்காரனோ!" என்பார். வானமாமலையும் வீங்கிய உதட்டோடு, "யாருக்குத் தெரியும்" என்பார். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. சந்துக்கு ஒரு ரகசியம் வேண்டியிருந்தது, அவரவர் பங்குக்குத் தெரியாமல் இருந்தார்கள்.

ஆபிரகாம் கண்ணை மூடிய பிறகு மகன் ஜெப்ரி வந்தான். அவனிடம் மொபைல் கடை இருந்தது, பலகையும் சொந்தமாக இருந்தது. கருந்தேள் செருப்புக்கடை திறந்துவைத்தது. கொசு ஒழிப்புக்குக் கைகூப்பியது. சாம்பார் பொடியை நக்கிப் பார்த்துக் கட்டைவிரல் காட்டியது. தினம் ஒரு ரீல். முதலில் சின்னப் பிள்ளைகள் அதைக் கண்டு ஓடினார்கள். பிறகு கூட நின்று செல்ஃபி எடுத்தார்கள். பிறகு, "அங்கிள், தள்ளி நில்லுங்க, லைட்ட மறைக்கிய" என்றார்கள். ஒரு ரீலுக்குக் கீழே அம்மாரே எழுதியிருந்தார்: 'நம்ம எதுத்த வீட்டு வானமாமலை அண்ணாச்சி! சூப்பர்!' கூடவே சிரிப்புப் பொம்மை நாலு. அன்றைக்குச் சந்தில் என்னவோ அறுந்துபோனது. கொடிக்கயிறு மட்டும் அப்படியே இருந்தது.

போன பொங்கலுக்கு வானமாமலை ரிங்குக்குள் வந்தபோது நாலு பேர் கைதட்டினார்கள், அதில் ஒருவர் கொசு அடித்தார். முதல் வரிசையில் ஒருவன் தலையே தூக்கவில்லை, போனில் மூழ்கியிருந்தான். கயிற்றில் சாய்ந்து அடி வாங்குகிற சாக்கில் எட்டிப் பார்த்தார். அவன் பார்த்துக்கொண்டிருந்தது கருந்தேளின் ரீல்.

அந்தப் பழைய 'பிச்சூ' சத்தத்தை இன்னும் ஒரே ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், முகமூடியைக் கழற்றி வைத்துவிடலாம் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். நாற்காலி தூக்கும்போதும் அதே நினைப்பு. இப்போது கையில் வந்து சேர்ந்தது நோட்டீஸ்தான்.

அன்று சாயங்காலம் ஜெப்ரியின் கடைக்குப் போனார்.

"ஏல, எத்தன கருந்தேள்ல வச்சிருக்க?"

ஜெப்ரி போனுக்குக் கண்ணாடி ஒட்டுவதை நிறுத்தவில்லை. "மூணு அண்ணாச்சி. பாண்டுப்புக்கு ஒண்ணு, அம்பர்நாத்துக்கு ஒண்ணு. நீங்க பாத்தது நகுல், செம்பூர்ப் பய, சாப்பாடு டெலிவரி பண்ணுதான். நீங்க ஒரு ஆளு எத்தன கடை தொறப்பிய? முட்டி வேற போச்சு."

"ஒருத்தன் மூஞ்சிய மூணு பேரு போட்டா அது யாரு மூஞ்சில?"

"அரே, பிராண்டு அண்ணாச்சி! உங்க அமாவாசை மாசத்துக்கு ஒருக்க வந்தான். இப்ப ஒரு நாள் ரீல் போடலேன்னா ஆளு போய்ச் சேந்துட்டான்னு நினைச்சிருவானுவ."

"தினம் பாத்தா மட்டும் உசுரோட இருக்கேன்னு நினைக்கானுவளா? போன பொங்கலுக்குக் கைதட்டே வரலியே."

"அதுக்குத்தான் இந்த வாட்டி ஃபேஸ் ரிவீல்!" ஜெப்ரி நிமிர்ந்தான். "எதிர்ச் சண்டைக்கு வார ஏஞ்சலோ உங்கள அடிச்சுப் போட்டு முகமூடிய உருவுதான். லைவ்ல போடுதோம். ஏக்தம் டாப்."

"என் மூஞ்சி தாராவியில யாருக்குல தெரியாது?"

"அதனால என்ன? தெரிஞ்ச மூஞ்சிதான் லைக் வாங்கும்."

வானமாமலை பார்க்கலாம் என்று தலையாட்டிவிட்டு வந்தார். ஜெப்ரி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான். அவன் தலைமுறைக்குத் தலையாட்டலில் எல்லாமே சரிதான்.

சண்முகவடிவு முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "இத்தன வருசம் துவைச்சுத் துவைச்சு என் கைதான் தேஞ்சுது. கடைசில ஜெப்ரி போனுக்கு மூஞ்சியக் காட்டவா? போவாதீங்க."

"போவலேன்னா கூட்டம் என்ன நினைக்கும்?"

"போனா மட்டும் நினைக்குதாக்கும்."

அவர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

பொங்கல் ஞாயிறு சாயங்காலம் வானமாமலை முகமூடியை ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். திரைக்குப் பின்னால் போய் உடை மாற்றத்தான் போனார். வாசலில் நகுல், தலையணையும் முகமூடியுமாக, வருகிறவர்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. முட்டிவலி என்று தனக்கே சொல்லிக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் ஒரு நாற்காலி தேடினார். கிடைக்கவில்லை. ஆயுசு பூராவும் நாற்காலி போட்டவருக்கு நிற்கத்தான் வாய்த்தது.

போன் அடித்தது. ஜெப்ரி. ஓயும்வரை பையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார். மறுபடி அடித்தது. மறுபடி அமுக்கினார்.

விளக்கை அணைத்தார்கள். ஏஞ்சலோ உள்ளே வந்து நெஞ்சைத் தட்டிக்கொண்டு நின்றான். கருந்தேள் வரவில்லை. மைக் பிடித்தவர் இரண்டு முறை கூப்பிட்டார். கூட்டம் மெல்லப் போனிலிருந்து தலையைத் தூக்கியது. வராத ஒன்றைப் பார்த்து அதற்கு வெகுநாள் ஆகியிருந்தது.

ஜெப்ரி வாசலுக்கு ஓடுவது தெரிந்தது. ஒரு நிமிஷத்தில் நகுல் ரிங்குக்குள் தள்ளப்பட்டான். தள்ளியவன் மறுகணமே போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டான். பாவம், நகுலுக்கு நோட்டீஸ் கொடுக்கத்தான் தெரியும். ஏஞ்சலோ ஒரு குத்து விட்டதும் தலையணை இடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டது. முன்னால் ஒட்டிய வயிறும் பின்னால் தொப்பையுமாகக் கருந்தேள் ரிங்கைச் சுற்றி ஓடியது. மைதானம் சிரித்த சிரிப்பில் வானமாமலைக்கும் சிரிப்பு வந்தது. நிஜமான சிரிப்பு. வெட்கமாகவும் இருந்தது.

ஏஞ்சலோ சொன்ன சொல் தவறாதவன். பிடித்தான், சாய்த்தான், முகமூடியை உருவினான். விளக்கு முழுவதும் நகுல் முகத்தில் விழுந்தது. வேர்த்து, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, யாரோ.

"எவம்ல இவன்?" என்றது ஒரு குரல்.

"ஏ, எனக்கு நேத்து பிரியாணி கொண்டாந்த பயல்லா!"

"யே அஸ்லி நஹி ஹை! அஸ்லி பிச்சூ கிதர்?" இவன் போலி, அசல் தேள் எங்கே என்று ஓர் இந்திக் குரல்.

அங்கே பிடித்தது. ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசை வரிசையாக எழும்பி, "அஸ்லி பிச்சூ! பிச்சூ! பிச்சூ!" என்று சுற்று வீட்டுத் தகரக் கூரையெல்லாம் அதிர்ந்தது. லைவ் எடுத்துக்கொண்டிருந்த ஜெப்ரி கையைக் கீழே போட்டுவிட்டான். வானமாமலை கூர்ந்து கேட்டார். சத்தம் அதேதான். பழைய சத்தம். அதைக் கேட்க வேண்டுமானால் வராமல் இருந்திருக்க வேண்டும் என்று இத்தனை நாள் ஒருவரும் சொல்லவில்லையே என்று இருந்தது. இப்போது போய் மேலே ஏறினால் நாளை மறுபடியும் சாம்பார் பொடிதான். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்தில் யாரோ நகர்ந்து வந்து நின்றார்கள். அம்மார். அவர் பார்வை வானமாமலையின் முகத்திலிருந்து பைக்கு இறங்கியது. பையின் வாயில் சிவப்பு நூல், தேளின் கொடுக்கு, ஒரு விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அம்மார் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு ரிங் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அசல் ஆளு யாருன்னே இதுவரைக்கும் எவனுக்கும் தெரியாதாமே அண்ணாச்சி."

வானமாமலையும் ரிங்கையே பார்த்தார். "அப்படித்தான் சொல்லுதாவ."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"எனக்கு எப்படி வே தெரியும்? நான் நாற்காலி தூக்குதவன்."

"அதானே," என்றார் அம்மார். சொல்லிக்கொண்டே, பார்க்காமலேயே, அந்தச் சிவப்பு நூலை விரலால் பைக்குள் தள்ளிவிட்டார். பிறகு இரண்டு கையையும் வாயருகே வைத்து, "பிச்சூ!" என்று கத்தினார். இன்னொரு தடவை கத்திவிட்டு, என்ன சும்மா நிற்கிறீர் என்பதுபோல் திரும்பினார்.

வானமாமலையும் கத்தினார். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை சத்தம் வந்தது.

மறுநாள் காலைக்குள் ஜெப்ரி தேறிவிட்டான். 'அசல் கருந்தேள் எங்கே?' என்று ஆறேழு ரீல் போட்டிருந்தான். பாண்டுப்பிலிருந்தும் அம்பர்நாத்திலிருந்தும் ஆளாளுக்கு நான்தான் அசல் என்று கிளம்பியிருந்தார்கள். பத்து நாளில் கருந்தேள் காணாமல்போன கதையும் சலித்துவிடும் என்று வானமாமலைக்குத் தோன்றியது. இரண்டாவது ரீல் பாதியிலேயே அவருக்குச் சலித்துவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டு எழுந்தார். மண்டபத்தில் அன்றைக்கு ஒரு நிச்சயதார்த்தம்.

வாசலில் சண்முகவடிவு முகமூடியைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்துப் போடவே இல்லியே, அத எதுக்குத் துவைச்ச?"

"வெளிய போய்ட்டு வந்துச்சுல்லா. தூசி."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சாப்பாட்டுத் தூக்கோடு அம்மார் வந்தார். கருந்தேள் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தொங்கிய லுங்கிக்குக் குனிகிற மாதிரியே அதற்கும் குனிந்து, யாருடையதோ என்பதுபோல வேலைக்குப் போனார்.