எந்த ஊர் நேரம் என்று கேட்டவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது கூட்டிச் சொல்லி நீங்கள் கேள்விப்படுவீர்கள். அபுதாகிர் மௌத்தான செய்திக்கு நான் "வாழ்த்துகள் பாய், மேலும் மேலும் வளர்க" என்று பதில் போட்டேன். பழைய பெரம்பலூர் கம்ப்யூட்டர் சென்டர்காரர்கள் குழுவில் அன்று காலை அவர் படம் வந்தது. இஸ்திரி போட்ட சட்டை, சிரித்த முகம். படத்தின் கீழே இருந்ததைப் படிக்கக் கண்ணாடி வேண்டும்; கண்ணாடி வேறு அறையில் இருந்தது. ஏதோ விருது வாங்கிவிட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். என்னை நம்பி நான்கு பேர் கைதட்டும் படம் போட்டார்கள். கண்ணாடி வந்த பிறகுதான் தெரிந்தது, அஸர் தொழுகைக்குப் பின் லப்பைக்குடிக்காட்டில் அடக்கம் என்று. செல்போனை வைத்தே பல வருடம் சோறு தின்ற ஆள் நான் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவரை அறிந்த உங்களுக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு மாடிப்படி நினைவிருக்கும். அந்தப் படியேறினால் எங்கள் சென்டர். பாய் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஜாவா சொல்லிக்கொடுப்பார். நான் டைப்பிங் சொல்லிக்கொடுப்பேன், மீதி நேரத்தில் எதிரே உள்ள பேக்கரியில் யார் யாரோடு டீ குடிக்கிறார்கள் என்று கவனிப்பேன். வெளியில் நாங்கள் பங்காளிகள். உள்ளே அவர் மூளை, நான் வாய்.

கலர் போன்கள் ஊருக்குள் வந்ததும், இனி இதற்குப் புரோகிராம் எழுதுவதுதான் தன் தொழில் என்று பாய் அறிவித்துவிட்டார். முதலில் எழுதியது ராகுகாலம் சொல்லும் புரோகிராம். அரியலூர், உடையார்பாளையம் பக்கத்து விவசாயிகளை நினைத்து எழுதினார். நேரங்களை என்னிடம்தான் கேட்டார். உடையார்பாளையத்துக்காரன், தெரியாது என்று சொல்ல முடியுமா? தெரிந்தவன் மாதிரி ஏழு நாளுக்கும் சொன்னேன். அவர் கணக்கெல்லாம் எழுதுவது கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில். எழுதி முடித்துத் தாளைத் திருப்பியவர் அச்சடித்த பக்கத்தில் விரலை வைத்தார்.

"மாப்ள, நீ செவ்வாக்கெழமைக்குச் சொன்னது இங்க வியாழனுக்குல்ல போட்டிருக்கு?"

அச்சடித்தவன் தப்பாகப் போட்டிருப்பான் என்றேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. சட்டைப்பையிலிருந்து இன்னும் ஆறு தாள்களை எடுத்து வரிசையாகப் பரப்பினார். அன்றைக்கு அவர் சொன்னதைப் பிறகு பலமுறை கேட்டிருக்கிறேன்: "எழுதறது ஈஸி மாப்ள. அது யாரு கையில போயி நிக்கும்னு நெனச்சுப் பாக்கறதுதான் வேல."

ராகுகாலம் நன்றாக ஓடியது. பெண் பார்க்கப் போகிறவர்கள் மாடியேறி வந்து போனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கடுத்த வருடம்தான் சறுக்கல். ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு அளவுத் திரை. ஒன்றில் அழகாக நிற்பது இன்னொன்றில் பாதி வெட்டுப்பட்டுப் போகும். பெங்களூரிலிருந்து காளை ஓடும் விளையாட்டு கேட்ட கம்பெனிக்காரர், நாங்கள் முடித்துக் கொடுத்த அன்றிலிருந்து போனை எடுக்கவில்லை. காளையை என்ன செய்வது என்று தெரியாமல் நானே ஆறு மாதம் விளையாடினேன்.

இந்த நிலையில்தான் பாயின் தாய்மாமா துபாயிலிருந்து வந்தார். அங்கே அவருக்குப் பாத்திரக் கடை. மருமகனுக்கு விசா தயார், பெருநாள் முடிந்ததும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டார். பாய்க்கு ஊரைவிட்டுப் போக மனமில்லை; இந்தத் தொழிலை விடவும் மனமில்லை. கையில் மீதியிருந்தது ஒரே புரோகிராம். வளைகுடாவில் இருப்பவர்களுக்குத் தொழுகை நேரத்தில் மணியடிப்பது, நோன்பு காலத்தில் நோன்பு திறக்கும் நேரத்தையும் சொல்வது. விடுமுறைக்கு ஊர் வந்தவர்களின் போன்களில் அதை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். அது நிலைத்தால் அவர் இங்கே. விழுந்தால் பாத்திரக் கடை.

நோன்பு தொடங்கிய மூன்றாம் நாள் மாமா மாடியேறி வந்தார். முகம் சரியில்லை. துபாயில் அவர் கடைக்கு அடியில் இருக்கும் குடோனில் வேலை பார்க்கும் சம்சு, போன் அடித்ததை நம்பிப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டானாம். மேலே வந்து பார்த்தால் வெயில் கொளுத்துகிறது. நோன்பு திறக்கும் மஃரிபுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.

"ஒரு மனுசன நோன்ப வுட வச்சிட்டியேப்பா. இந்தப் பொட்டிய மூடு. மூடிட்டு என்கூட வா."

பாய் தன் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். படிக்கட்டுக்குப் போய் சம்சுவுக்குப் போன் போட்டு வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, தப்பு நம்முடையதுதான் என்று என்னிடம் ஒரே வரி சொன்னார். பிறகு மாமாவிடம் அவருடைய போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"மாமா, ஊருக்கு வந்ததும் இதுல டைம மாத்துனீங்களா?"

"எதுக்கு மாத்தறது? அங்கேயே இது வூட்டு நேரந்தான். புள்ளைங்க பள்ளிக்கூடம் போயிடுச்சா, வூட்ல முழிச்சிருக்காங்களான்னு பாத்துத்தான போன் போடணும்?"

விஷயம் அதுதான். கையில் கட்டிய கடிகாரம் துபாய் முதலாளிக்கு. சட்டைப்பையில் இருக்கும் போன் லப்பைக்குடிக்காட்டு மனைவிக்கு. அங்கே இருந்தவர்களில் பலர் போனில் இந்திய நேரத்தையே வைத்திருந்தார்கள். எங்கள் புரோகிராமோ போன் சொல்வதை துபாய் நேரம் என்று நம்பிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவருமே இதைக் கேட்க நினைக்கவில்லை.

பெருநாள் வரைக்கும் பாய் தவணை கேட்டார், மாமா கொடுத்தார். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஜமாஅத்தார் முன்னால் எழுந்து நின்று, தன் கவனக்குறைவால் ஒருவருடைய நோன்பு முறிந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாராம். நான் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று, ஓடுவதற்கு எந்தச் சந்து வசதி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அடிக்க வரவில்லை. ஒரு பெரியவர் மட்டும் என்னிடம் வந்து, ராகுகாலத்தில் ஆரம்பித்தீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான்கு நாளில் புரோகிராமின் முதல் திரை மாறியது. திறந்ததும் கேட்கும்: "இது எந்த ஊர் நேரம்?" கீழே இரண்டு பதில்கள்: "இருக்கிற ஊர்", "வூட்டு நேரம்". வீடு என்று திருத்தலாமே என்றேன். "அவங்க வூடுன்னுதான சொல்லுவாங்க" என்றார். அந்தக் கேள்விக்காகவே அது பரவியது. துபாயிலிருந்து குவைத், குவைத்திலிருந்து சவூதி என்று போனுக்குப் போன் தாவியது. பெருநாளன்று மாமாவே தன் போனை நீட்டி, ஏற்றிக் கொடு என்றார். விசாவில் வேறொரு மருமகன் போனார்.

அதன் பிறகு பாய் பெரிய பணக்காரராகவில்லை. வேலை மட்டும் வற்றவில்லை. யார் எதைக் கேட்டு வந்தாலும் முதலில் அவர்கள் போனை வாங்கி, அதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் எழுத உட்காருவார். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான்: வாயைத் திறக்குமுன் எதிரே இருப்பவருக்கு இப்போது மணி என்ன என்று யோசிப்பது. குழுவில் வாழ்த்துப் போட்ட அன்று மட்டும் தவறிவிட்டது.

இத்தனை வருடமாக, போகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். அடக்கம் முடிந்து வெளியே வரும்போது சம்சு என் கையைப் பிடித்துக்கொண்டார். துபாயை விட்டு வந்து ஊரோடு இருக்கிறார்.

"அண்ணே, அன்னைக்கு என்கிட்ட இருந்தது கறுப்பு வெள்ள போனு. அதுலயும் வூட்டு நேரந்தான் ஓடுச்சு, அத மறந்துட்டு பள்ளிவாசல் நேர அட்டையப் பாத்து நானேதான் அலாரம் வச்சேன். மொதலாளிக்குப் பயந்து உங்க மேல போட்டுட்டேன். தாகிரண்ணன்கிட்ட மட்டும் அப்பவே உண்மையச் சொல்லிட்டேன். வெளிய சொல்லாதீங்க, நான் பாத்துக்கறேன்னாரு."

அப்படியானால் எங்கள் புரோகிராம் என்றேன்.

"அது ஏறவே இல்லண்ணே. இதுல ஏறாதுன்னு கவுண்டர்ல திருப்பிக் குடுத்ததே நீங்கதான."