முதலில் எழுந்தவள்

எழுத உட்கார்ந்ததே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பத்தாவதோடு நின்றவள் நான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செக் நாட்டில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். அட, நம்ம ஊர் மாதிரியே என்று வெறுங்காலோடு உள்ளே போனால் விடுவதில்லை. விருந்தாளிக்கென்றே வைத்திருக்கும் துணிச்செருப்பைத் தருகிறார்கள். வந்து இரண்டு வருடமாகியும், வீட்டுக்குள் செருப்போடு நடந்தால் யாரோ திட்டப்போகிறார்கள் என்றே தோன்றுகிறது.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, அப்படித்தான் நானும் என் வீட்டுக்காரரும் யானா வீட்டுக்குள் போனோம். யானா இங்கே என்னோடு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்பவள். அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான் அங்கே. அந்த மாலைக்கு 'ஷ்டெட்ரி வெச்செர்' என்று பெயர். தாராளமான மாலை என்று அர்த்தமாம். மீன் சூப், பொரித்த கெண்டை, உருளைக்கிழங்கு சாலட் என எல்லாவற்றையும் மேஜையிலேயே அடுக்கியிருந்தார்கள். ரொட்டிக் கூடை மட்டும் அடுப்புப் பக்கம் நின்றுவிட்டது. அம்மா அதைப் பார்த்தார், முழங்காலைத் தடவிக்கொண்டார், திரும்பச் சூப்பைக் குடித்தார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கும்மிடிப்பூண்டிக் கம்பெனியில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். முதலில் எழுந்து ஓடித்தான் பழக்கம். ஆரம்பாக்கத்தில் கல்யாண வீட்டுக்குப் போனாலோ, கையலம்பிய பெண்கள் நேராகச் சாம்பார் வாளியைத்தான் தூக்குவோம். வயதானவர் வலியோடு இருக்க, உட்கார்ந்து தின்பவளை என்ன சொல்வார்கள்? சட்டென்று எழுந்துபோய்க் கூடையை எடுத்தேன்.

"நே! நே!" வேண்டாம் வேண்டாம் என்று அம்மா கத்தினார். கரண்டி தட்டில் விழுந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாமே பண்ண? வந்து உக்காரு!" என்றார் வீட்டுக்காரர்.

யானா அவசரமாகப் போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள். இந்த விருந்தில் முதலில் எழுபவர் அடுத்த வருடம் இந்த மேஜையில் இருக்கமாட்டார்.

"போச்சு. அடுத்த வருசம் நம்மள கூப்ட மாட்டாங்களாம்" என்று அவர் முணுமுணுத்தார். "ஒரு வேள சோத்துக்கு வந்த எடத்துலயும் உன்னால சும்மா குந்தினு இருக்க முடியல."

யானா தலையை ஆட்டிவிட்டு, அலமாரியில் இருந்த அவள் அப்பாவின் படத்தைக் காட்டினாள். போன வருடம் கடுகு விழுது எடுக்க முதலில் எழுந்தவர் அவர்தானாம். கோடையில் இறந்துபோனார்.

கூடையோடு அப்படியே நின்றேன். அக்கா வீட்டில் விட்டுவந்த என் மகள் முகம்தான் கண்முன் வந்தது. இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் அந்த அம்மா நம்புகிறாரே!

அப்போது அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். யானாவை எழச் சொன்னார். வீட்டுக்காரரையும் தோளைத் தட்டி எழுப்பினார். வாயில் மீனோடு அவரும் எழுந்தார். நான்கு பேரும் நின்றோம். அம்மா ஏதோ சொல்ல, யானா கண்ணைத் துடைத்துக்கொண்டே போனைக் காட்டினாள். எல்லோரும் சேர்ந்து எழுந்தால் முதல் ஆள் என்று யாரும் இல்லை.

பிறகு நால்வரும் ஒன்றாக உட்கார்ந்தோம். ரொட்டியை அம்மாவே பிட்டு என் தட்டில் வைத்தார்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருடமும் நான்கு தட்டு என்று விரலால் காட்டினார். தலையாட்டினேன்.

"இன்னாமே, மண்டைய ஆட்டிட்ட?" என்றார் வீட்டுக்காரர் பஸ் நிறுத்தத்தில். "ஐப்பசியோட காண்ட்ராக்ட் முடியுது. ஊருக்குப் போறோம்னு பொண்ணுகிட்ட சொல்லிக்கினு கீற."

"நீயே போய் அவங்ககிட்ட சொல்லேன்யா" என்றேன். அவரும் போகவில்லை. அந்த மேஜையில் இருக்கமாட்டேன், ஆனால் ஆரம்பாக்கத்தில் நன்றாகத்தான் இருப்பேன் என்பதைச் சொல்ல எனக்குத் தெரிந்த செக் போதாது. அந்த அம்மா நான்காவது தட்டை எடுத்துவைக்கும் நேரத்தில் நான் மகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு இடத்திலும் உட்கார ஆசையாக இருக்கிறது.

மறுநாள் விடுமுறை. துணி துவைத்தோம். மதியம் யானாவின் அம்மா கொடுத்தனுப்பிய சாலட்டை எலுமிச்சை ஊறுகாய் வைத்துச் சாப்பிட்டோம்.