பானுவின் வலது கை

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் ஆவடிக்கு ஒரு நடை வந்து பார்க்கட்டும். அந்தப் பொம்மை இன்னும் அருள் வீட்டு ஷோகேஸில்தான் நிற்கிறது. தேதி, மணி, நிமிஷம் எல்லாம் அவன் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். கதை கட்டுகிற ஆளும் இல்லை அவன். ஒரு நாள் லீவு கேட்பதற்குக்கூட வாயில் பொய் வராது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் அருளுக்கு வேலை. காலை ஆறு மணி ஷிப்ட், இரண்டு மணிக்கு விடுதலை. பட்டரவாக்கத்தில் ரயிலைப் பிடித்தால் மூன்று மணிக்குள் வீட்டில் இருப்பான். பகலெல்லாம் பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டுகிறவன், வீட்டுக்கு வந்தும் பிளாஸ்டிக்கையே கட்டிக்கொண்டு அழுவான். கூட வேலை பார்க்கும் வினோத் ஏற்றிவிட்ட பைத்தியம் அது. வினைல் பொம்மை. பெட்டிக்குள் தலை, கை, கால் எல்லாம் தனித்தனியாக, பெயின்ட் இல்லாமல் வரும். வெந்நீரில் போட்டு இளக்கி, வேண்டியபடி வளைத்து, வெட்டி, ஒட்டி, நாமே பெயின்ட் அடித்து நிறுத்த வேண்டும்.

போன வருஷம் ஆவணியில் அப்படி ஒரு பெட்டி வாங்கி வந்தான். மூடியில் கவசம் போட்ட ஒரு பெண், வலது கையால் கத்தியைத் தலைக்கு மேல் ஓங்கிக்கொண்டு நின்றாள். அருளின் பெண்டாட்டி பானுப்பிரியா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஊட்ல ஒருத்தி குத்துக்கல்லாட்டம் கீறேன். இவளை வேற இஸ்துகினு வந்துக்கீறியா?"

"பொம்மைதானே பானு."

"இன்னா கலரு அடிப்பே? என் கலரு அடி, பாக்கலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தப் பெட்டியைப் பிரிக்க நேரம் வரவில்லை. ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் சேர்த்து, தொண்டையில் குழாய் விட்டார்கள். பார்க்க விடுவது சாயந்திரம் நாலு முதல் நாலரை வரைதான். அருள் போன இரண்டு நாளும் அவள் மயக்கத்தில் கிடந்தாள். மூன்றாம் நாள் பகல் 3.10க்கு உயிர் போய்விட்டது. அருள் அப்போது எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில், நாலு மணி ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.

மகள் தன்ஷிகாவை அவன் அங்கே கூட்டிப் போகவே இல்லை. குழாயும் ஒயருமாக அம்மாவைப் பார்த்தால் குழந்தை பயந்துவிடும் என்று நினைத்தான். எல்லோரும் அதுதான் சரி என்றார்கள்.

எட்டு மாதமாக அவனை அரித்துக்கொண்டிருந்தது ஒன்றுதான். கடைசியில் பானு கண் விழித்தாளா? விழித்திருந்தால் என்ன சொல்ல நினைத்தாள்? கேட்பதற்கு யாரும் இல்லை.

ஜூன் மாதம் ஒரு நாள் தன்ஷிகா சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, அம்மா மூஞ்சி எனக்கு மறந்து மறந்து பூடுது."

சுவரில் இருந்த போட்டோவைக் காட்டினான். அவள் தலையை ஆட்டினாள்.

"அது கல்யாணத்து அம்மா. எங்க அம்மா இல்ல."

அன்றைக்கே பெட்டியைப் பிரித்தான். கத்தியை வெட்டி எறிந்தான். கவசத்தைச் சீவித் தள்ளினான். காய்ந்தால் கல்லாக இறுகும் எபாக்ஸி மாவைப் பிசைந்து ஒரு நைட்டி செய்தான். மெரூன் நிறம், அதில் பொடிப் பொடியாக வெள்ளைப் பூ, தோளில் ஒரு துண்டு. தண்ணி லாரி வந்தால் பானு அந்தக் கோலத்தில்தான் குடத்தோடு ஓடுவாள். கத்தியைப் பிடித்திருந்த முஷ்டியை அறுத்துவிட்டு, வேறொரு பொம்மையிலிருந்து விரித்த கை ஒன்றை எடுத்து ஒட்டினான். ஓங்கிய கையை வெந்நீரில் இளக்கி, உள்ளங்கை தொடையைப் பார்க்கும்படி தொங்கவிட்டு, பச்சைத் தண்ணீரில் முக்கி இறுக்கினான். மூக்குத்திக்கு ஊசி முனையில் ஒரு புள்ளி தங்கம். முகம் சரியாக வர பதினாறு நாள் பிடித்தது. வந்த அன்று, பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே விக்கி விக்கி அழுதான்.

ஜூன் 23, திங்கள். பகல் 3.12. டீ போட எழுந்தவன் பார்த்தான். பொம்மையின் வலது கை தொடையை விட்டு விலகியிருந்தது.

அவன் பயப்படவில்லை. வினைலுக்கு அந்தக் குணம் உண்டு. எவ்வளவு வளைத்தாலும், கொஞ்சம் சூடு பட்டால் மோல்டில் வார்த்த பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கும். மோல்டிங்காரனுக்கு இதுகூடத் தெரியாதா? ஹேர் டிரையரைக் காட்டி இறக்கி வைத்தான்.

செவ்வாய். 3.10. கை மறுபடி மேலே வந்திருந்தது. இறக்கினான்.

புதன். 3.10. இந்த முறை வினோத்துக்கு போன் போட்டான்.

"மச்சான், கை மேல வந்துகினே கீதுடா."

"வெயிலு மாமே. தலைக்கு மேல போய்தான் நிக்கும், பாரு."

"தலைக்குப் போவல. இடுப்பாண்டயே நின்னுடுது."

"கம்பி வெச்சி ஒட்டிடு" என்றான் வினோத்.

போனை வைத்த பிறகுதான் அருள் கையை உற்றுப் பார்த்தான். உள்ளங்கை திரும்பியிருந்தது. தொடையைப் பார்த்திருந்தது இப்போது தரையைப் பார்த்தது. வினைல் வளையும், நிமிரும். தானாக முறுக்கிக்கொள்ளாது. முழங்கை மடிப்பில் அடித்த பெயின்ட்டும் விரிசல் விடவில்லை. காய்ந்த பிறகு வளைந்தால் கட்டாயம் விரிசல் விட்டிருக்கும்.

வியாழக்கிழமை மெல்லிய கம்பியைச் சொருகி, கையைத் தொடையோடு சேர்த்து, ஃபெவிக்விக் விட்டு ஒட்டினான். "இனிமே எப்படி வர்றேன்னு பாக்குறேன்" என்று வாய்விட்டுச் சொன்னான். அதை நினைத்து இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறான்.

ஜூன் 27, வெள்ளி. 2.55. பொம்மையை மேஜையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். வெளியே மேகம் மூடிக் கிடந்தது. வெயில் என்று சாக்குச் சொல்ல வழியில்லை. தன்ஷிகாவின் ஸ்கூல் வேன் வர மூன்றரை ஆகும்.

3.04. கரண்ட் போனது. ஃபேன் சுற்றி... சுற்றி... நின்றது.

3.07. ஒரு வாசனை. தின்னர் வாசனை அவனுக்குப் பழகியது. இது அது இல்லை. ஸ்பிரிட்... ஊசி போடும் முன் பஞ்சில் தொட்டுத் தேய்ப்பார்களே, அந்த வாசனை.

3.09. தண்ணீர் குடிக்க நினைத்தான். பாட்டில் பக்கத்தில்தான் இருந்தது. கை நீளவில்லை.

3.10.

டிக்.

ஒட்டு விட்டது.

டிக்... டிக்...

கம்பி வளைந்தது. அவன் கண் முன்னால்.

கை எழுந்தது. மெதுவாக. ரொம்பக் கஷ்டப்பட்டு.

இடுப்புக்கு மேல் ஒரு விரற்கடை... நின்றது.

உள்ளங்கை தரையைப் பார்த்தது. விரல்கள் நடுங்கின.

"பானு..." என்றான். "இன்னாமா? இன்னா சொல்ற?"

அவனுக்கு எழுந்து ஓடத்தான் தோன்றியது. ஆனாலும் ஓடவில்லை. வேன் ஹாரன் கேட்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு பொம்மையைத் தூக்கி ஷோகேஸில் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினான். சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்துப் பயந்துவிட்டோமே என்று அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை ஆவடி மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தான். ஒரு அம்மா பக்கத்தில் வந்து அவன் முகத்தையே பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும்.

"தம்பி, நீ பானுப்பிரியா ஊட்டுக்காரன்தானே? நான் வசந்தா. ஆஸ்பத்திரில வார்டு ஆயா. அப்போ எனக்கு ஐ.சி.யூ.லதான் பகல் டூட்டி."

அருளுக்கு மீன் பை கையிலிருந்து நழுவியது.

"அவ... கண்ணு முழிச்சாளாமா?"

"பகல்ல முழிப்பு வரும்பா. நீ வர நேரத்துக்கு ஊசி போட்டுத் தூங்க வெச்சிருப்பாங்க. பேச முடியாதே, தொண்டைல குழா. கையத்தான் காட்டிகினே கெடக்கும்."

"எப்படி?"

அவள் வலது கையை முன்னால் நீட்டினாள். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. உள்ளங்கை தரையைப் பார்த்திருந்தது.

"இவ்ளோ உசரம், இவ்ளோ உசரம்னு காட்டிச்சுப்பா. பொண்ணக் கேட்டுச்சு. எனக்குப் புரிஞ்சிது. சிஸ்டருங்களுக்குப் புரியல. கைய இறக்கி இறக்கி வெச்சாங்க. குழாயப் புடுங்கிடப் போவுதுன்னு கடைசியில கட்டிலோட கட்டிட்டாங்க. நீ நாலு மணிக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்... மூணு பத்துக்கே பூடுச்சு."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அருள் நடுத்தெருவில் நின்று, நாலு பேர் பார்க்க, வாய்விட்டு அழுதான். அவர்கள் கட்டினார்கள். அவன் கம்பி வைத்து ஒட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் துணியை எடுத்தான். வளைந்து தொங்கிய கம்பியை உருவிப் போட்டான். "மன்னிச்சிடுமா" என்றான். பிறகு கம்பெனியில் அளந்து அளந்து பழகிய கை, ஸ்டீல் ஸ்கேலை எடுத்தது. ஏன் எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. காலடியிலிருந்து உள்ளங்கைவரை பதினேழரை சென்டிமீட்டர்.

அந்தப் பொம்மை நிஜ ஆளின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. பதினேழரையை ஆறால் பெருக்கினான். நூற்றைந்து.

"தன்ஷி, இங்க வா. செவுத்தாண்ட நில்லுடா."

அவள் ஓடி வந்து நிமிர்ந்து நின்றாள். டேப்பைப் பிடித்தான். நூற்றைந்து. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பானு செத்த மாதம் ஸ்கூலில் எடுத்த அளவு டைரியில் இருந்தது. எடுத்துப் பார்த்தான்.

நூற்றொன்று.

நூற்றைந்து உயரத்துக்கு வளர்ந்த மகளை அவள் பார்த்ததே இல்லை.