மருதமுனையில் ஓர் இடக்கைச் சலாம்

சென்ற ஆவணி விடுமுறையில் கல்முனைப் பக்கம் போய்வந்தேன். கடல் பார்க்கப் போகவில்லை. கடல் எங்கள் மட்டக்களப்பிலும் இருக்கிறது. கம்படி பார்க்கப் போனேன். நாற்பத்து மூன்று வயதில் ஓர் ஆசிரியை இதற்காகப் பஸ் ஏறினால் ஊர் காரணம் கேட்கும். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெண்பிள்ளைகள் பாடசாலை ஒன்றில் சரித்திரமும் தேகப்பயிற்சியும் கற்பிக்கிறேன். பரீட்சையில் ஒரு பாடம் தவறினால் படிப்பையே விட்டுவிட்டு வீட்டில் குந்திவிடும் பிள்ளைகள் எங்களிடம் அதிகம். சுதந்திரம் கிடைத்து ஆறேழு வருடமாகியும் இதில் மாற்றமில்லை. விழுந்தால் எழும்ப இவர்களைப் பழக்க ஏதாவது வழி பாருங்கள் என்று அதிபர் என்னிடம் பொறுப்பைத் தந்தார். எங்கள் கணித ஆசிரியை பாண்டிருப்புக்காரி. பக்கத்து ஊரான மருதமுனையில் நெசவுகாரர்கள் சீனடி என்று ஒரு வித்தை பழகுகிறார்கள், கம்பும் கைகால் வீச்சும் சேர்ந்தது, போய்ப் பாருங்கள் என்றார். "அங்க முதல் பழக்குறது அடி வாங்க. அடிக்கிறது பிறகுதான்" என்று அவர் சொன்னதும் என் மனம் அதில் ஒட்டிக்கொண்டது.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஏறக்குறைய இருபத்தைந்து மைல். பாண்டிருப்பும் மருதமுனையும் கல்முனைக்குச் சற்று முன்னால் வருகின்றன. காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினால் ஒன்பதுக்குப் போய்விடலாம் என்பார்கள். நான் இறங்கும்போது பத்தரை. களுவாஞ்சிகுடியில் ஆள் நிறையும் வரை பஸ் நின்றது. பொறுமையிழந்த ஒருவர் கத்தியபோது, "அவசரமெண்டா நீங்க முன்னால நடங்க, நாங்க பின்னால வந்து ஏத்துறம்" என்றார் கொண்டக்டர். கட்டணம் ஒரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஆவணியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசும். மேற்குப் பக்க ஜன்னலோரம் உட்காராதீர்கள்; முகம் முழுக்கப் புழுதிதான்.

பாண்டிருப்பில் கணித ஆசிரியையின் பெற்றோர் வீட்டில் தங்கினேன். மறுநாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர்கள் ஒழுங்கு செய்த மாட்டுக் கரத்தையில் மருதமுனைக்குப் போனேன். கரத்தைக்காரர் கணபதிப்பிள்ளை வழியெல்லாம் கதைத்துக்கொண்டே வந்தார்.

"டீச்சர் அடி பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க? எங்கட வீட்ட வந்திருந்தாப் போதும். என்ட மனிசி கம்பில்லாமலே அடிப்பா."

பழக்குபவர் மீராலெப்பை. நாற்பது வயதிருக்கும். உயரமில்லை, ஆனால் நிற்கும் விதத்தில் ஒரு பாரம் இருந்தது. வீட்டின் முன்பக்கம் தறி. பின்வளவில் மணல் பரப்பிய பழகுமிடம். அஸர் தொழுகை முடிந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். எல்லோரும் வேலை செய்து களைத்த ஆண்கள். அவர் மனைவி ஆசியா உம்மா எனக்குக் சமையற் குசினி வாசலில் பாய் போட்டுத் தந்தாள்.

எதுவும் தொடங்குமுன் சலாம் வரிசை. வலது உள்ளங்கையை மணலில் முழுவதும் பதித்து, உடம்பின் பாரத்தை அதில் தாங்கி எழும்பி, அந்தக் கையை நெஞ்சில் வைத்து எதிராளிக்குக் காட்டவேண்டும். என்னிடம் ஒளித்த ஆயுதமில்லை, உன்மேல் பகையில்லை என்பது அதன் பொருளாம். பிறகு காலெடுப்பு, அதாவது அடிவைக்கும் பயிற்சி. ஒரே காலெடுப்பு, திரும்பத் திரும்ப. அரைமணி நேரத்தில் ஒரு தடித்த மனிதர் மூச்சு வாங்கியபடி, மீராலெப்பையை அண்ணன் முறையில் அழைத்து, "ஏலாது காக்கா" என்றார்.

உடனே எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். முடியாது என்கிற அந்தச் சொல் அந்த இடத்தில் கூடாது. ஒருவர் "ஏலாது" என்றால் அத்தனை பேரும் சலாமிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும்.

"உன்ட வாயால எங்கட கால் முறியுது மச்சான்!"

"வீட்ட போய் மனிசிக்கிட்ட செல்லு ஏலாது எண்டு. இஞ்ச செல்லாத!"

தடித்தவரும் சிரித்துக்கொண்டே கையை மணலில் வைத்தார். நான் தேடிவந்தது இதுதான் என்று நினைத்தேன். என் வகுப்பில் இந்த விதியை எப்படி வைக்கலாம் என்று அங்கேயே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். மீராலெப்பை மட்டும் கம்பைத் தொடவில்லை, சலாமும் செய்யவில்லை. வலக்கைச் சட்டையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தார். அது பழக்குபவரின் மிடுக்கு என்று எண்ணிக்கொண்டேன்.

ஆசியா உம்மா தேத்தண்ணி கொண்டுவந்தபோது விசயம் வெளியே வந்தது. ஒரு கிழமைக்கு முன் தனியே பழகும்போது அவருக்கு வலது மணிக்கட்டில் எலும்பு வெடித்துவிட்டது; வெளியே ஒருவருக்கும் அவர் சொல்லவில்லை. நெரிவு முறிவு வைத்தியர் எண்ணெய்க் கட்டுப் போட்டு, கையை அசைக்கவே கூடாது, இன்னொரு தரம் அடிபட்டால் விரல் மடங்காது என்று சொல்லியிருக்கிறார். தறியில் ஊடிழையை ஓட்டும் நாடாவின் கயிற்றை இழுப்பது அந்தக் கை. வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஒழுங்கையில் கலியாணம். நிந்தவூரிலிருந்து மாப்பிள்ளை வருகிறார். மாப்பிள்ளை ஊராரின் கம்புக்காரன் பெண்ணூர் எல்லையில் நின்று கூப்பிடுவான், பெண்ணூரில் ஒருவன் போய் விளையாடி வரவேற்கவேண்டும். அடி உடம்பில் படுமுன் நிறுத்துகிற அலங்கார விளையாட்டுத்தான். கூப்பிடப்படுகிற பெயர் முன்கூட்டியே சொல்லிவிடப்படும். இம்முறை சொல்லப்பட்ட பெயர் மீராலெப்பை.

ஆட்கள் கலைந்தபின் நான் இருப்பதையும் பாராமல் அவள் அவரிடம் கேட்டாள்.

"ஊருல வேற ஆம்புள இல்லையா?"

"இரிக்காங்க. பேர் என்டதுதானே செல்லியிரிக்கி."

"கை செரியில்ல எண்டு ஆள் அனுப்புங்களன். என்ன குறைஞ்சி போகும்?"

"பத்து வருசமா இவனுகள ஏலாது எண்டு செல்ல விடாம அடிச்சிப் பழக்கியிரிக்கன். இப்ப நான் செல்லவா?"

"நீங்க செல்ல வேணாம். நான் செல்றன்."

"செல்லிப்பாரு" என்றார். அதட்டவில்லை. அது ஒரு கெஞ்சலைப் போலத்தான் எனக்குக் கேட்டது.

சனிக்கிழமை முழுவதும் பாண்டிருப்புக் கடற்கரையில் நடந்தேன். தோணிகள், கருவாட்டு வாசம், தென்னைகள். பார்க்கவேண்டிய இடம்தான். நான் சரியாகப் பார்க்கவில்லை. நோவைத் தாங்குவதும் நோவை மறைப்பதும் ஒன்றா என்ற கேள்வியைப் பிள்ளைகளுக்குப் பாடமெடுப்பதுபோல எனக்கே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு பின்னேரம் ஆசியா உம்மாவோடும் அயலவர்களோடும் கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். வீதியில் ஆண்கள் மட்டும். றபானும் மேளமுமாக நிந்தவூரார் வந்தார்கள். நடுவில் குடைக்குக் கீழே மாப்பிள்ளை. முன்னால் இஸ்மாயில் என்ற வாட்டசாட்டமான வயற்காரன், முப்பது வயதுக்குள். கம்பைச் சுழற்றி நிலத்தில் குத்திவிட்டு முழங்காலிட்டு, வலது கையைப் புழுதியில் பதித்து அழகாகச் சலாம் செய்தான்.

மீராலெப்பை முன்னே வந்தார். குனிந்தார். ஒரு கணம் தயங்கிவிட்டு இடக்கையை நிலத்தில் வைத்தார்.

அவர் நினைத்தது எனக்குப் பிறகுதான் விளங்கியது. உடம்பின் பாரம் அந்த மணிக்கட்டில் ஏறினால் அதற்குப் பிறகு கம்பைப் பிடிக்கவே முடியாது. ஆட்டத்துக்காகக் கையைச் சேமித்தார். ஆனால் இடக்கை எதற்கு உதவுகிற கை என்று நான் எழுதத் தேவையில்லை. அந்தக் கையால் செய்த சலாம் ஓர் ஊரையே அவமதித்தது போல. மேளம் ஒரு தட்டுத் தவறியது.

"ஓய்! எந்தக் கையால சலாம்?" என்று நிந்தவூர்ப் பக்கம் ஒருவன் கத்தினான். இஸ்மாயிலின் முகம் மாறியது.

ஆசியா உம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு, "கை ஏலாது! அவருக்குக் கை ஏலாது!" என்று கூவினாள். நானும் கூவினேன். ஆனால் கம்புகள் மோதியதும் வேலியோரத்துப் பெண்கள் வழக்கப்படி குரவை இட்டார்கள். நாற்பது ஐம்பது பெண்களின் குரவை. அதற்குள் எங்கள் சத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அது அலங்கார விளையாட்டாக இல்லை. இஸ்மாயிலின் அடிகள் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மீராலெப்பை தடுத்தார், கிறுகித் திரும்பினார், மறுபடி தடுத்தார். ஓரடி தோளில் விழுந்தது. அடுத்தது வலது மணிக்கட்டில். கம்பு கையை விட்டுப் போனது. அவர் குனிந்து அதை இடக்கையால் எடுத்துக்கொண்டு மறுபடி நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடிக்கவும் இல்லை, வருவதைத் தடுத்தபடி நின்றார். கடைசியில் இஸ்மாயிலின் கம்பு பிளந்தது. பெண்ணின் மாமா இடையில் பாய்ந்து இருவரையும் விலக்கினார்.

மருதமுனை ஆரவாரித்தது. வெற்றி என்று சொல்லி ஓடிவந்தவர்கள் அவருடைய வலக்கையைப் பிடித்து உயரத் தூக்கினார்கள். அன்றைக்கு முதற்தடவையாக அவர் அலறினார்.

கணபதிப்பிள்ளையின் கரத்தையில்தான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கணபதிப்பிள்ளை கீழே இறங்கி, கரத்தை குலுங்காதபடி மாட்டைப் பிடித்து நடத்தினார்.

மறுநாள் காலை விடைபெறப் போனேன். கை முழங்கை வரை கட்டப்பட்டு மடியில் கிடந்தது. வைத்தியர் ஒளிக்காமல் சொல்லிவிட்டாராம்: பெருவிரலும் அடுத்த விரலும் இனி ஒன்றையொன்று தொடா. அந்த இரண்டும் தொடாமல் நாடாக் கயிற்றைப் பிடிக்க முடியாது. தறியில், ஆண்கள் இடுப்பில் உடுத்தும் சாரன் துணி அரைவாசி நெய்தபடி நின்றது.

நான் இருக்கும்போதே இஸ்மாயில் வந்தான். பையில் சீனியும் ஒரு சீப்பு வாழைப்பழமும். நிலத்தில் குந்தி, தலையைத் தூக்காமல் கதைத்தான்.

"காக்கா, ஒரு சொல்லு செல்லியிருந்தா நான் கம்பத் தொட்டிருக்கவே மாட்டன்."

"செல்லியிருந்தா நீ விட்டுத்தந்த எண்டு ஊர் கதைக்கும்."

"கதைக்கட்டுமே! ஊரா வந்து உங்கட தறியில குந்தப்போகுது?"

மீராலெப்பை தறியைப் பார்த்தார். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஆசியா உம்மாவின் குரல்தான் வந்தது.

"அவருக்கு எல்லாம் ஏலும் தம்பி. ஏலாது எண்டு செல்ல மட்டும்தான் ஏலாமப் போச்சு."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவரைக் குறைசொல்ல முயன்று தோற்றேன். முறிந்த கையோடு இடக்கையில் கம்பெடுத்து நின்ற அந்த நிலை, நான் வாழ்நாளில் கண்ட மனவுறுதிகளில் பெரியது. அதைப் பொய் என்று எழுதமாட்டேன். ஆனால் அந்த உறுதியை வளர்த்த விதிதான் அவர் வாயையும் கட்டியது. சண்டைக்கு முன்னால் நோவைச் சொல்லவும் ஒரு துணிவு வேண்டும்; அதற்கு அந்த மணலில் ஒரு காலெடுப்பும் இல்லை. அதிபரிடம், பிள்ளைகளுக்குக் காலெடுப்பும் சலாமும் பழக்கலாம், அந்த ஒரு விதி வேண்டாம் என்றேன். விதி இல்லாவிட்டால் உறுதி வருமா என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த விதி இல்லாமலே பழக்கத் தொடங்கியிருக்கிறேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சித்திரையிலிருந்து புரட்டாதிக்குள் போங்கள். மாரியில் வீதி எங்கே, வெள்ளம் எங்கே என்று தெரியாது. தங்குவதற்குக் கல்முனையில் வாடிவீடு உண்டு, தனியே போகும் பெண்கள் தெரிந்த குடும்பம் ஒன்றில் தங்குவது நல்லது. வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைகள் பூட்டியிருக்கும். மருதமுனையில் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்கும். வாசலில் நின்று சலாம் சொன்னால் உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார்கள். பழகுமிடங்களுக்குப் பெண்கள் போவதானால் வீட்டுப் பெண்களிடம் முதலில் கேளுங்கள்.

மீராலெப்பையின் வீட்டில் இப்போதும் சாரன் கிடைக்கும். கணித ஆசிரியை போன மாதம் எனக்கு ஒன்று வாங்கிவந்தார். கரை நேராக ஓடவில்லை, நடுவில் இரண்டு இடத்தில் இழை விட்டிருக்கிறது. தறியில் இருப்பது ஆசியா உம்மா. மீராலெப்பை பக்கத்தில் குந்திப் பிழை பிடிக்கிறாராம். "கை கிடக்கு, வாய் மட்டும் நெய்யுது" என்று அவள் சொல்லியனுப்பியிருந்தாள். வாங்குகிறவர்கள் இரக்கப்பட்டு வாய்மூடி வாங்கிவராதீர்கள். விரித்துப் பாருங்கள், குறை இருந்தால் அவளிடமே சொல்லுங்கள். அவள் பிழையிருந்த இடம் வரை அவிழ்த்து மறுபடி நெய்கிறாள்.