பொம்மைக் கொட்டாயும் கயலோட மாத்திரையும்

பீங்கான் பொம்மை செய்யுற தொழில்ல மழைக்குப் பயப்படணும், கரண்டு கட்டுக்குப் பயப்படணும். நான் கூடுதலா என் வயித்துல பொறந்ததுக்கும் பயந்துகிட்டுப் பொழப்பு நடத்துறேன்.

விருத்தாசலம் தொழிற்பேட்டை பக்கத்துல எங்களுக்கு ஒரு கொட்டாய் இருக்குது. அச்சுல மண்ணைக் கரைச்சி ஊத்துறதும் சூளை எரிக்கிறதும் என் வூட்டுக்காரரு குமாரு. பெயிண்ட் அடிக்கிறதும், ரோட்டைப் பாத்த மாதிரி போட்டிருக்குற கடை வியாபாரமும் நான். எங்களுக்கு ஒரே மக, கயலு. மூணாங்கிளாஸ். ஸ்கூல்லேர்ந்து போன் வந்தா "இன்னிக்கு என்னாத்த ஒடைச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே எடுக்குற அம்மா அப்பாமாருங்க எங்கெங்கயோ இருப்பீங்க. உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். மத்தவங்க படிச்சா "புள்ள வளக்கத் தெரியல"ன்னு சொல்லுவீங்க. அதைச் சொல்ல எங்க தெருவுலயே ஆளு நெறைய இருக்காங்க.

பலகையோட போன புள்ளையாரு

சதுர்த்தி ஆர்டரு. ஒரு நீளப் பலகை பூரா பச்சைப் புள்ளையாரு காஞ்சிக்கிட்டு இருந்தாரு. பச்சைன்னா நெறம் இல்லீங்க, இன்னும் சூளையில வேகாத பொம்மை. வெரல் வெச்சி அழுத்தினாலே பொடிஞ்சிடும். கயலு ஸ்கூல் வுட்டு வந்தா. பை ஒரு பக்கம் பறக்குது, செருப்பு ஒரு பக்கம் பறக்குது, "அப்பா, எங்க கிளாஸ்ல ஓணான் வந்துச்சுப்பா"ன்னு கத்திக்கிட்டே பலகைக்கு நடுவுல பூந்தா. அவ்ளோதான். தும்பிக்கை வேற, தொப்பை வேற, எலி வேறன்னு தரை பூரா கெடந்துச்சு. நான் தலையில கைய வெச்சிக்கிட்டு ஒக்காந்துட்டேன். அவ ஒரு நிமிசம் முழிச்சிட்டு, "அந்த ஓணானுக்கு வாலு இல்லப்பா"ன்னு வுட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிக்கிறா.

அடிக்கக் கையை ஓங்கிட்டேன். என்கூடப் பெயிண்ட் அடிக்கிற பாக்கியம் அக்காதான் குறுக்க வந்துச்சு. வேகாத மண்ணைத் திரும்பத் தொட்டியில போட்டுக் கரைச்சா மறுபடியும் ஊத்திக்கலாம், நட்டம் ஒழைப்பு மட்டும்தான். அக்கா தும்பிக்கைங்களைப் பொறுக்கி பக்கெட்டுல போட்டுக்கிட்டே சொல்லிச்சு: "சதுர்த்தி முடிஞ்சா எல்லாரும் புள்ளையாரைக் கரைக்கத்தானே போறாங்க. நம்ம கயலு கொஞ்சம் முன்கூட்டியே கரைச்சிட்டா, வுடு செல்வி."

ஹெச்.எம். ரூமு

ஒரு நாளு ஸ்கூல்ல எங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னாங்க. கிளாஸ் டீச்சரு ஜெசிந்தா ஒரு ஓரமா நின்னாங்க. ஹெச்.எம். மேடம் சொன்னதுல பொய்யி எதுவும் இல்ல. ஒக்கார மாட்டேங்குறா. கேள்விய முடிக்கிறதுக்குள்ள பதிலைக் கத்துறா. கணக்கை ஆரம்பிக்கிறா, பாதியில ஜன்னலுக்குப் போயிடுறா. பக்கத்துப் புள்ளைங்களோட அம்மாமாருங்க வந்து சண்டை போடுறாங்க. முழுப்பரிச்சை வரைக்கும் பாப்பாங்களாம், அப்புறம் டி.சி. வாங்கிக்கணுமாம். அதுக்குள்ள ஒரு டாக்டருகிட்ட காட்டுங்கன்னாங்க. என் வூட்டுக்காரருக்கு மூக்கு மேல கோவம். "எம் பொண்ணுக்கு என்னா பைத்தியமா புடிச்சிருக்குது?"ன்னு எகிறினாரு. நான் அவரு சட்டையைப் புடிச்சி இழுத்து ஒக்கார வெச்சேன். பொண்ணுக்கு யாரு சாயலுன்னு மேடத்துக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்.

டி.சி.ன்னு காதுல வுழுந்ததுலேர்ந்து எனக்கு ஒரே கேள்விதான். இந்த ஸ்கூலு வேணாம்னா வேற எந்த ஸ்கூலு சேத்துக்கும்? மேடமும் கோவமா சொல்லல, அலுத்துப்போயிதான் சொன்னாங்க: "படிப்பு வராத புள்ளைங்களக் கூட வெச்சிக்கிறோம்மா. ஒக்காராத புள்ளைய எங்க வெச்சிக்கிறது, நீங்களே சொல்லுங்க."

மூணாவது ட்ராயரு

பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினோம். பஸ்ஸுல கயலு எல்லார்கிட்டயும் பேரு கேட்டா, ஊரு கேட்டா, கண்டக்டருகிட்ட விசில் கேட்டா. புள்ளைங்களுக்குன்னே இருக்குற டாக்டரம்மா. அவசரமே படல. எங்கள ரெண்டு மூணு தடவ வரச் சொல்லி, குடைஞ்சி குடைஞ்சி கேட்டாங்க. ஜெசிந்தா டீச்சருகிட்டயும் போன்ல பேசுனாங்க. அப்புறம்தான் பேரைச் சொன்னாங்க: ஏ.டி.எச்.டி. அவ வேணும்னு பண்ணல, கவனத்தை ஒரு எடத்துல நிறுத்துறது அவளுக்குக் கஷ்டம், உங்க வளர்ப்பு காரணம் இல்லன்னாங்க. கடைசி வார்த்தையைக் கேட்டதும் நான் அழுதுட்டேங்க. எத்தினி வருசமா ஊரே என்னைத்தான சொல்லிச்சு!

வூட்டுல சில பழக்கத்தை மாத்தணும், ஸ்கூல்ல சில ஒத்தாசை பண்ணணும், மாத்திரையும் இருக்குது, மூணும் சேந்தா நல்லது, ஆனா முடிவு உங்களோடது, யோசிச்சிட்டு வாங்கன்னாங்க. மேசைக்கு அடியிலேர்ந்து கயலு தலைய நீட்டினா: "டாக்டரு, உங்க மூணாவது ட்ராயருல ஒரு பிஸ்கட்டு எறும்பு புடிச்சிக் கெடக்குது. தூக்கிப் போட்டுடவா?"

மங்கலம்பேட்டை பாயி

வூட்டுக்கு வந்ததுலேர்ந்து சண்டை. நான் மாத்திரை குடுக்கலாம்னேன், அவரு கூடாதுன்னாரு. பணம் காசு பிரச்சினை இல்ல. அவரு பயமே வேற. "பேச்சு நின்னு போயிடும் செல்வி. காலைல கண்ணைத் தொறந்ததுலேர்ந்து அது பேசுறதைக் கேட்டுத்தான் எனக்குப் பொழுதே வுடியுது. கொட்டாய் பூரா பொம்மை ஒக்காந்திருக்குது, வூட்டுலயும் ஒண்ணு வேணாம்"னாரு. எனக்கும் அந்தப் பயம் இல்லாம இல்ல. ஆனா டி.சி. பயம் அதவிடப் பெருசு. கொழம்புல உப்பு போட மறந்தேன். அவரு கேக்காம சாப்புட்டாரு. அவ்ளோ கோவம்.

கடைக்கு வந்தவங்களும் சும்மா இல்ல. கருவேப்பிலங்குறிச்சியிலேர்ந்து வந்த அம்மா வல்லாரைக் கீரை குடுக்கச் சொல்லிச்சு. இன்னொருத்தரு தாயத்து கட்டச் சொன்னாரு. கட்டிவுட்டா அதை அவுத்துப் பொம்மைக்கு மாட்டிடுவா எங்க கயலு. மங்கலம்பேட்டையில ஃபேன்சி ஸ்டோரு வெச்சிருக்குற பாயி, எங்ககிட்ட மொத்தமா பொம்மை எடுக்குறவரு, பேரம் பேச வந்தவரு பேரத்தை வுட்டுட்டு இதைக் கேட்டாரு. குவைத்துல இருக்குற அவரு தம்பி மவனுக்கும் இதே பேரு வியாதியாம், அங்க டாக்டரு குடுத்து மாத்திரை சாப்புடுறானாம். என் வூட்டுக்காரரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "பையன் பேசுறானா பாய்?" பாயி போனை எடுத்தாரு. அங்கயே வீடியோ கால் போட்டுக் குடுத்தாரு. பையன் பேச்சைப் புடிச்சான் பாருங்க! ஃபுட்பால்ல ஆரம்பிச்சி, அவங்க வூட்டுப் பூனை, ஸ்கூலு பஸ்ஸு, ஒட்டகப் பாலுன்னு போய்க்கிட்டே இருக்கான். என் வூட்டுக்காரரு வாயைப் பொளந்துகிட்டுக் கேட்டுக்கிட்டு நிக்கிறாரு. பாயிதான் கடைசியில அலறினாரு: "தம்பி, பேசுறானான்னு கேட்டீங்க. பேச்சு நின்னாத்தானே நான் போனை வெச்சிட்டு யாவாரத்தைப் பாக்க முடியும்?"

சாம்பிளு

அதுக்கப்புறம் மனுசன் பாதி எறங்கி வந்தாரு. புது கிளேஸு, அதான் பளபளப்புக்குப் பூசுறது, வந்துச்சுன்னா எடுத்த எடுப்புல எல்லாப் பொம்மைக்கும் பூச மாட்டாரு. ஒண்ணு ரெண்டுக்குப் பூசி, சூளையில வெச்சி, சாம்பிளு பாத்துட்டுத்தான் மத்தது. டாக்டரம்மாகிட்ட அதையே கேட்டாரு. அவங்க சிரிச்சிட்டு, நாங்களும் அப்பிடித்தான் பண்ணுவோம், குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சி, எடை, தூக்கம், பிரஷரு எல்லாம் பாத்து, ஒத்துக்கலன்னா நிறுத்திடலாம்னாங்க. இவரு மொகத்துல அன்னிக்குத்தான் ரத்தம் ஓடிச்சு.

ஆனா ஒரு நிபந்தனை போட்டாரு. மாத்திரை ஆரம்பிச்சதை ஸ்கூல்ல மூச்சு வுடக் கூடாதாம். டீச்சரே தானா வந்து மாற்றம் தெரியுதுன்னு சொன்னாத்தான் அது நெசமான மாற்றமாம். ஏன்யா இப்பிடின்னு கேட்டா, பெரிய கம்பெனி சூளையில வேல பாத்த காலத்துப் பாடத்தை எடுத்து வுட்டாரு: "எது சாம்பிளுன்னு சூளை அடுக்குறவன்கிட்ட சொல்லவே கூடாது செல்வி. சொன்னா அதை மட்டும் நல்ல எடமா பாத்து வெச்சி நம்மள ஏமாத்திப்புடுவான்."

கண்ணு வெக்கிற நேரம்

லீவு நாளா பாத்து ஆரம்பிச்சோம். காலைல இட்லி சாப்புட்டு மாத்திரை போட்டா. கொஞ்ச நேரம் கழிச்சி பாக்கியம் அக்கா பக்கத்துல போயி ஒக்காந்தா. பிரஷ்ஷைக் கையில எடுத்தா. எப்பவும் ஒரு பொம்மைக்கு ஒரு பக்கக் கன்னம் பூசிட்டு எந்திரிச்சி ஓடுறவ, அன்னிக்கு எந்திரிக்கவே இல்ல. பேசவும் இல்ல. கொட்டாய்ல ஃபேன் சத்தம் கேக்குது. இதுக்கு முன்னாடி அந்த ஃபேனுக்குச் சத்தம் உண்டுன்னே எனக்குத் தெரியாது.

என் வூட்டுக்காரரு சூளையை வுட்டு வந்து எட்டிப் பாக்குறாரு, போறாரு, திரும்ப வராரு. "கயலு, பசிக்குதாடா?" பதிலு இல்ல. "கயலு, அந்த ஓணான் கதை என்னாச்சு?" பதிலு இல்ல. மனுசனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. என்னைப் பாத்து, "நான் அப்பவே சொன்னேன்ல, போச்சு பாத்தியா"ன்னு குரலு ஒடைஞ்சி சொன்னாரு. ஐயோ, நம்மளே கெடுத்துட்டோமான்னு அந்த மாத்திரை அட்டையைத் தூக்கிக் கெணத்துல போடலாம்னு எந்திரிச்சேன். அப்பத்தான் கயலு தலைய நிமித்தாம சொன்னா: "செத்த சும்மா இருப்பா. கண்ணு வெக்கிறப்ப பேச்சு குடுத்தா பொம்மைக்கு மாறுகண்ணு ஆயிடும்."

டீச்சரும் போட்ட சாம்பிளு

ஒரு மாசம் போயிருக்கும். கயலு ஹோம்ஒர்க்கை எழுதி முடிக்கிறா, பலகையைச் சுத்திப் போறா. மாத்திரை வேல செய்யுதுன்னு நாங்க ரெண்டு பேரும் ரகசியமா பூரிச்சிப்போயி இருக்கோம். ஜெசிந்தா டீச்சருகிட்டேர்ந்து போன். "என்னாத்த ஒடைச்சா மிஸ்?"ன்னேன், பழக்கதோஷம். "ஒடைக்கலம்மா, மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டு போறாளே, ஒடம்பு சரியில்லையா?"ன்னாங்க. மாத்திரைக்கு மத்தியானத்துல பசி கொறையும்னு டாக்டரம்மா சொல்லித்தான் இருந்தாங்க. நான் முழுங்கினேன், மென்னேன், கடைசியில மாத்திரை விசயத்தைக் கக்கிட்டேன்.

அந்தப் பக்கம் டீச்சரு வுழுந்து வுழுந்து சிரிக்கிறாங்க. டாக்டரம்மா போன்ல பேசுன நாளுலேர்ந்து அவங்களும் ஒரு வேல பண்ணியிருக்காங்க. கயலை ஜன்னலை வுட்டுத் தள்ளி முன்னாடி பெஞ்சுல ஒக்கார வெச்சிருக்காங்க. ஒரு பக்கக் கணக்கைத் துண்டு துண்டா குடுத்திருக்காங்க. நடுநடுவுல சாக்பீஸ் எடுத்து வா, போர்டை அழின்னு எந்திரிக்க வேலயும் குடுத்திருக்காங்க. பலிக்கலன்னா நாங்க மனசு ஒடைஞ்சிடுவோம்னு எங்ககிட்ட சொல்லல. பலிச்சதும், எல்லாம் தன்னோட சாமர்த்தியம்னு ஹெச்.எம்.கிட்ட பெருமை வேற அடிச்சிட்டாங்க.

அடுத்த தடவ பாண்டிக்குப் போனப்ப டாக்டரம்மாகிட்ட ஒளிக்காம சொன்னோம். மாத்திரை, ஸ்கூலு ஒத்தாசை ரெண்டையும் வுடாதீங்க, காலைல மாத்திரைக்கு முன்னாடி வயிறு நெறைய குடுங்க, சாயங்காலம் பசிச்சா இன்னொரு வேளை சாப்பாடு போடுங்க, எடையைப் பாத்துக்கலாம்னாங்க. இனிமே டீச்சருக்குத் தெரியாம எதுவும் பண்ணக் கூடாதுன்னு திட்டும் கெடைச்சுது. என் வூட்டுக்காரரு வுடாம, "அப்ப எதுனால மேடம் சரியாச்சு?"ன்னாரு. டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டுச் சொன்னாங்க: "ரெண்டு சாம்பிளையும் சொல்லாம கொள்ளாம ஒரே சூளையில வெச்சிட்டு, எது நல்லா வந்துச்சுன்னு என்னைக் கேட்டா நான் எங்க போவேன் குமார்?"

முழுப்பரிச்சைக்கு அப்புறம்

திரும்பவும் அதே ஹெச்.எம். ரூமு. என் வூட்டுக்காரரு இஸ்திரி போட்ட சட்டையில, வேர்த்து ஊத்திக்கிட்டு ஒக்காந்திருக்காரு. கயலை வராண்டாவுல வுட்டுட்டு வந்தோம். அங்க அவ வாட்ச்மேனுக்கு என்னாத்தையோ வெளக்கிக்கிட்டு இருக்குறது உள்ள வரைக்கும் கேக்குது. கயலு கணக்குல தேறிட்டான்னு மேடம் சொன்னாங்க. கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்குதுன்னாங்க. வர்ற வருசமும் முன்னாடி பெஞ்சு, பரிச்சைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம், எல்லாம் ஜெசிந்தா டீச்சரு புது டீச்சருக்குச் சொல்லிக் குடுத்துடுவாங்கன்னாங்க. டி.சி. பத்திப் பேச்சே எடுக்கல. நான்தான் தாங்காம, "அப்ப எம் பொண்ணு இங்கயே இருக்கலாமுங்களா மேடம்?"னு கேட்டேன்.

மேடம் வராண்டாப் பக்கம் காதைக் குடுத்தாங்க. வாட்ச்மேன் பாவம், "சரிம்மா, சரிம்மா"ன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு. மேடம் பெருமூச்சு வுட்டுட்டுச் சொன்னாங்க: "நாலாங்கிளாஸும் இங்கதான்மா. ஒக்காருறா, எழுதுறா, எல்லாம் சரி. எழுதி முடிச்சதும் பேச ஆரம்பிக்கிறா பாருங்க, அந்த வாய்க்கு ஏதாச்சும் மாத்திரை இருந்தா டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்க."

ஸ்கூல்ல மகளோட வாயைப் பத்திக் குத்தம் சொன்னாங்கன்னு பஸ் ஸ்டாண்டுல நின்னு முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் ஜிலேபி வாங்கிக் குடுத்த மனுசனோடதாங்க நான் குடும்பம் நடத்துறேன்.